முன்ஷின் இரண்டு குடுவைகள்

மேல்நிலை வகுப்பில் தாவரவியல் படித்தவர்களுக்கு அந்தப் படம் மறந்திருக்காது. நீர்த்தொட்டிக்குள் அமிழ்ந்த இரண்டு சவ்வுக் குடுவைகள். ஒன்றில் அடர்ந்த சர்க்கரைக் கரைசல், மற்றதில் நீர்த்த கரைசல். இரண்டையும் ஒரு கண்ணாடிக் குழாய் இணைக்கும். சர்க்கரைக் குடுவை தொட்டி நீரை உறிஞ்சும். உள்ளே அழுத்தம் ஏறும். கரைசல் குழாய் வழியே அடுத்த குடுவைக்குப் பாயும். முதல் குடுவைக்குக் கீழே ‘இலை’ என்றும் இரண்டாவதற்குக் கீழே ‘வேர்’ என்றும் எழுதி அம்புக்குறி போட்டுவிட்டால் மதிப்பெண் கையில். நானும் வரைந்து வாங்கியவன்தான். உயிரியலில் இவ்வளவு சுலபமாக வரையக்கூடிய படம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

வரையச் சுலபமாக இருந்ததாலேயே நம்பிவிட்டோமோ என்ற சந்தேகம் பிற்பாடு வந்தது. இலையில் உண்டான சர்க்கரை வேருக்கும் கிழங்குக்கும் காய்க்கும் எப்படிப் போகிறது என்ற கேள்விக்கு ஜெர்மானிய வனவியலாளர் எர்ன்ஸ்ட் முன்ஷ் சொன்ன விடை அந்தப் படம். 1920களின் பின்பாதியில் சொல்லத் தொடங்கியவர், 1930இல் யேனா நகரில் வெளியான தம் நூலில் அதை முழுமையாக்கினார். அன்று முதல் ஏறக்குறைய 80 ஆண்டுகள் அது அறிஞர்களிடையே வழக்காகவே இருந்தது. பாடநூல்களோ வெகு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டன. அந்தத் தீர்ப்பு செல்லுமா என்று பார்ப்பதற்குச் சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்ற வேண்டும்.

முதலில் வழக்கு என்ன என்பதைப் பிரித்துக்கொள்வோம். ‘அழுத்த ஓட்டக் கோட்பாடு’ என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். உள்ளே மூன்று கூற்றுகள் இருக்கின்றன. ஒன்று, சர்க்கரை தனியாக நகர்வதில்லை. நீரும் சர்க்கரையும் சேர்ந்து ஒரே ஓட்டமாகப் போகின்றன. இரண்டு, அந்த ஓட்டத்தைத் தள்ளுவது இரு முனைகளுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு. அதை உண்டாக்குவது சவ்வூடுபரவல். மூன்று, வழியில் இருக்கும் சல்லடைக் குழாய் வெறும் குழாய்தான், அது எந்த வேலையும் செய்வதில்லை. முதல் கூற்று மெய்யாகி மற்ற இரண்டும் பொய்யாகலாம். ஒன்றுக்கான சாட்சியை மூன்றுக்கும் எழுதிக்கொள்வதுதான் பாடநூல்கள் செய்யும் பிழை.

வளையச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மருத்துவர் மால்பிகி ஒரு மரத்தின் பட்டையை வளையமாக உரித்தெடுத்தார். வளையத்துக்கு மேலே பட்டை வீங்கியது, கீழே நலிந்தது. உணவு பட்டை வழியாக இறங்குகிறது என்பதற்கு இது அருமையான சான்று. எதனால் இறங்குகிறது என்று கேட்டால் அந்த வீக்கத்திடம் பதில் இல்லை. தள்ளினாலும் வீங்கும், இழுத்தாலும் வீங்கும், ஊர்ந்து போனாலும் வீங்கும். ஆனாலும் பல புத்தகங்களில் இந்தச் சோதனை முன்ஷுக்கு அடுத்த பத்தியில், அவருக்கே சாட்சி சொல்வதுபோல நிற்கிறது. இந்தச் சாட்சிக்கு வழி தெரியும், விசை தெரியாது. அனுப்பிவிடலாம்.

அடுத்தவர் ஹென்றி டிக்சன், டப்ளின்காரர். மரத்தின் உச்சிக்கு நீர் ஏறுவதை விளக்கிய இருவரில் ஒருவர். 1922இல் இவரும் பால் என்பவரும் ஒரு உருளைக்கிழங்கை வைத்துக் கணக்குப் போட்டார்கள். சுமார் 100 நாளில் கிழங்கில் சேர்ந்த மாவுப்பொருள் ஏறத்தாழ 50 கிராம். அவ்வளவும் ஒரு மெல்லிய தண்டின் ஃபுளோயம் வழியாக, அதாவது பட்டையில் உணவைக் கடத்தும் திசு வழியாக, வந்திருக்க வேண்டும். அந்த ஃபுளோயத்தின் குறுக்குப் பரப்போ ஒரு சதுர சென்டிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கைக்கூட எட்டாது. வந்தது 10 சதவீதக் கரைசல் என்று வைத்தால், அது மணிக்கு 50 செ.மீ. வேகத்தில் ஓடியிருக்க வேண்டும். புரோட்டோபிளாசம் நிறைந்த குறுகிய குழாயில் அந்த வேகம் நடக்காத காரியம் என்று டிக்சன் முடிவுகட்டினார். சர்க்கரை கட்டை வழியாகத்தான், சைலத்தில்தான் வருகிறது என்றார்.

டிக்சனின் கணக்கு சரி, முடிவு தவறு. பிற்காலத்தில் அளந்தபோது ஃபுளோயத்தின் வேகம் அவர் ‘நடக்காது’ என்று ஒதுக்கிய அளவிலேயே வந்தது. ஐரோப்பிய ஆய்வாளர்கள் காந்த அதிர்வுப் படமெடுப்பின் மூலம் பாப்லர், ஆமணக்கு, தக்காளி, புகையிலை நான்கிலும் ஓட்டத்தை நேரடியாகப் பார்த்தார்கள். வினாடிக்கு 0.25 முதல் 0.40 மி.மீ. இருந்தது, மணிக்கு ஒரு மீட்டரை ஒட்டிய வேகம். நம்ப முடியாதது என்று டிக்சன் கருதிய எண்தான் இந்த வழக்கின் உறுதியான தடயமாகிவிட்டது. எந்தக் கோட்பாடு வந்தாலும் இந்த வேகத்துக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தச் சோதனையில் முதலில் விழுவது சாதாரணப் பரவல். நீரில் சுக்ரோஸின் பரவல் கெழு நமக்குத் தெரியும். வீட்டிலேயே கணக்குப் போடலாம். ஒரு மில்லிமீட்டர் பரவ ஏறத்தாழ 17 நிமிடம். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு நாளுக்கு மேல். ஒரு மீட்டருக்கு 30 ஆண்டுக்கு மேல். 10 மீட்டர் மரத்தின் உச்சியில் சோழர் காலத்துக்கு முன்பே சர்க்கரையை வைத்திருந்தாலும் இன்னும் வேருக்கு வந்திருக்காது. தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும் என்பது பரவலின் சாபம்.

இதை நன்றாகவே அறிந்தவர்கள் மேசனும் மாஸ்கெல்லும். டிரினிடாடில் பருத்திச் செடியை வைத்து 1928இல் அவர்கள் வெளியிட்ட வேலை, இந்தத் துறையின் மிக நேர்மையான அளவீடுகளில் ஒன்று. பட்டையில் சர்க்கரைச் செறிவு எங்கே அதிகம், எங்கே குறைவு என்று அளந்தார்கள். அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குச் செறிவு வேறுபாட்டுக்கு ஏற்ற விகிதத்தில் சர்க்கரை போனது. பார்த்தால் பரவல் போலவே இருந்தது. வேகம் மட்டும் சாதாரணப் பரவலைப்போல் சுமார் 40,000 மடங்கு. அதற்கு ‘ஊக்கப்பட்ட பரவல்’ என்று பெயர் வைத்தார்கள். ஊக்கியது எது என்று சொல்லவில்லை. பெயர் வைத்ததும் விளக்கிவிட்டதாகத் தோன்றும். அறிவியலில் இது அடிக்கடி நடக்கும். ஆனால் அவர்கள் அளந்த செறிவுச் சரிவு, முன்ஷின் குடுவைகளுக்கும் அப்படியே பொருந்தியது. செறிவு சரிந்தால் அழுத்தமும் சரியும் அல்லவா? ஆக இதுவும் இரு தரப்புக்கும் பொதுவான சாட்சிதான்.

உள்ளே அழுத்தம் இருக்கிறது என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்னது ஒரு பூச்சி. அசுவினி விழுந்த செடியின் இலை பிசுபிசுக்கும், பிறகு கரும்பூஞ்சணம் படரும். விவசாயிகளுக்கு இது தெரிந்த தொல்லை. அந்தப் பிசுபிசுப்பு அசுவினி வெளியேற்றும் சர்க்கரைக் கழிவு. அசுவினி ஒற்றைச் சல்லடைக் குழாயைத் தேடிக் கண்டுபிடித்து ஊசிவாயைச் சொருகுகிறது. எந்த ஆய்வகக் கருவிக்கும் இல்லாத கைநேர்த்தி. 1953இல் கென்னடியும் மிட்லரும் வில்லோ மரத்தில் அமர்ந்த அசுவினியின் உடலை நறுக்கி எடுத்துவிட்டு ஊசிவாயை மட்டும் விட்டுவைத்தார்கள். உறிஞ்ச ஆளில்லை. ஆனாலும் ஊசிமுனையில் சொட்டுச் சொட்டாகச் சாறு வந்துகொண்டே இருந்தது.

உறிஞ்சப்படாமல் வருகிறதென்றால் உள்ளிருந்து ஏதோ தள்ளுகிறது. 1980இல் ரைட்டும் ஃபிஷரும் அதே ஊசிவாயில் அழுத்தமானியை ஒட்டி நேரடியாக அளந்தார்கள். பொதுவாகச் சல்லடைக் குழாய்களில் காணப்படும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 7 மடங்கு முதல் 20 மடங்கு வரை. லாரி டயரில் அடிக்கும் காற்றையும் தாண்டிய அழுத்தம், தலைமுடியைவிட மெல்லிய குழாயில்.

இந்த இடத்தில்தான் அவசரப்படக் கூடாது. அழுத்தம் உண்டு என்பது நிரூபணமானது. அந்த அழுத்தத்தின் வேறுபாடுதான் செடிக்குள் சர்க்கரையைத் தள்ளுகிறது என்பது நிரூபணமாகவில்லை. வெட்டாத செடியில் குழாயின் இரு முனையும் அழுத்தத்தில்தான் இருக்கின்றன. நாம் ஊசி சொருகியதும் ஒரு முனையில் அழுத்தத்தைப் பூஜ்யமாக்கிவிடுகிறோம். அதனால் எழும் ஓட்டம் நாம் உண்டாக்கியது. தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை போட்டு நீர் பீய்ச்சியடிப்பதைக் காட்டி, ஊர்க் குழாய்களில் நீர் ஓடுவது இப்படித்தான் என்று சொல்வதற்கு ஒப்பு அது.

பனை ஏறுபவர் செய்வதும் இந்தச் சோதனையைத்தான். பனம்பாளையில் சொட்டும் பதநீர் ஃபுளோயச் சாறு. 10 முதல் 15 சதவீதம் வரை சர்க்கரை. பாளையை இடுக்கியால் நெருக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார். சீவுவதை நிறுத்தினால் சொட்டும் நின்றுபோகும். காரணம், வெட்டுப்பட்ட சல்லடைக் குழாய் தன்னை அடைத்துக்கொள்ளும். உள்ளிருக்கும் புரதம் கட்டியாகச் சேரும், குழாயின் குறுக்கே நிற்கும் சல்லடைத் தட்டுகளின் துளைகளைச் சுற்றி காலோஸ் என்ற பொருள் படியும். தினமும் மெல்லிய வில்லையாகச் சீவும்போது அந்த அடைப்பு வெட்டுண்டு போகிறது. நெருக்கிப் பதப்படுத்துவதற்கு ஆய்வக இணை ஒன்றும் உண்டு. 1971இல் மில்பர்ன் ஆமணக்குத் தண்டின் பட்டையைத் தேய்த்துவிட்டு வெட்டினால் சாறு அதிகம் வருகிறது என்று காட்டினார். அந்த நுணுக்கம் பனங்காட்டில் அதற்கு வெகு காலம் முன்பே தொழிலாக இருந்தது. நம் ஊர் அறிவு மேல்நாட்டு அறிவியலை முந்திவிட்டது என்று முழங்க நான் வரவில்லை. பதநீர், அசுவினிச் சொட்டைப் போலவே, அழுத்தத்துக்குச் சாட்சி. ஓட்டத்தின் காரணத்துக்கு அல்ல. அதோடு வெட்டியதும் அழுத்தம் விழுந்து சுற்றியுள்ள நீர் உள்ளே புகுந்துவிடும். பதநீரின் இனிப்பு குழாய்க்குள் இருந்த இனிப்பைவிடக் கொஞ்சம் நீர்த்ததாகவே இருக்க வேண்டும்.

தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம்தான் முன்ஷை ஏறக்குறைய வீழ்த்திவிட்டது. எனக்கு இந்த வழக்கிலேயே மிகவும் சுவையான பகுதி இது.

1950களிலும் 60களிலும் மின்னணு நுண்ணோக்கி வந்தது. சல்லடைத் தட்டுகளை முதல்முறையாக அவ்வளவு பெரிதாகப் பார்த்தார்கள். துளைகளில் புரதம் அடைந்துகிடந்தது. படத்துக்குப் படம் அதே காட்சி. முன்ஷின் கோட்பாட்டுக்குத் திறந்த குழாய் வேண்டும். குழாயில் நீர் ஓடுவதற்கான தடையில் ஆரத்துக்குத்தான் பெரும்பங்கு. ஆரம் பாதியானால் அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். துளையே அடைந்திருந்தால் பேச்சே இல்லை. கண்ணால் கண்ட சாட்சி முன்ஷுக்கு எதிராக நின்றது. அந்தக் காலத்தில் மாற்றுக் கோட்பாடுகள் காளான்போல் முளைத்ததற்கு இதுவே காரணம்.

ஆனால் சாட்சி எப்படித் தயாரானது என்று பாருங்கள். தண்டை வெட்டினார்கள். வெட்டிய நொடியில் 10 வளிமண்டல அழுத்தம் சட்டென விழுந்தது. உள்ளிருந்ததெல்லாம் வெட்டுவாயை நோக்கிப் பாய்ந்து, வழியில் இருந்த சல்லடையில் போய் மாட்டிக்கொண்டது. அடைப்பைப் பார்த்தவர்களின் கத்தியே அடைப்புக்குக் காரணம். வீட்டுக்குள் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கக் கதவை உடைத்துக்கொண்டு போய், எல்லாரும் பயந்து மூலையில் ஒளிந்திருப்பதைக் கண்டு, ‘இந்த வீட்டில் எல்லாரும் மூலையில்தான் வாழ்கிறார்கள்’ என்று எழுதுவதற்குச் சமம். 1975இல் ஃபிஷர் சோயாச் செடியை வெட்டுவதற்கு முன்பே மின்னல் வேகத்தில் உறையவைத்துப் பார்த்தபோது பல தட்டுகள் திறந்திருந்தன. எதிர்த்தரப்பு இதற்கும் மறுப்புச் சொன்னது, நியாயமாகவே. எவ்வளவு வேகமாக உறையவைத்தாலும் போதுமா என்று கேட்டது.

அதற்கு விடை 1998இல் வந்தது. நோப்லாக்கும் வான் பெல்லும் அவரை இனத்து ஃபாபா செடியின் இலை நரம்பை மெல்லியதாக ஒருபுறம் திறந்து, உயிரோடு, இலையை வெட்டாமலே, ஓடும் சல்லடைக் குழாய்க்குள் பார்த்தார்கள். துளைகள் திறந்திருந்தன, சாறு ஓடியது. செடியைச் சீண்டியதும் அடைத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் அவரைக் குடும்பத்தின் குழாய்களில் ‘ஃபோரிசோம்’ என்ற புரதக் கட்டை விவரித்தார்கள்: கால்சியம் உள்ளே புகுந்தால் உப்பி வழியை அடைக்கும், கால்சியம் விலகினால் சுருங்கித் திறக்கும், அதற்கு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறின் செலவும் கிடையாது. அடைப்பு உண்டு, அது காயத்துக்கான கதவு. ஓடும் காலத்தில் கதவு திறந்தே இருக்கிறது. 2011இல் அதே குழுவினர் இன்னும் ஒரு படி போய், சல்லடைக் குழாய்க்குள் புரதத் திரள் கிடந்தாலும் ஓட்டம் பாதிக்கப்படுவதில்லை என்று காட்டினார்கள்.

இத்தோடு மாற்றுக் கோட்பாடுகளின் கதையையும் சுருக்கமாக முடித்துவிடலாம். புரோட்டோபிளாசம் சுழன்று சர்க்கரையைச் சுமக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே டி விரீஸ் சொன்னார். முதிர்ந்த சல்லடைக் குழாயில் அந்தச் சுழற்சியே காணப்படவில்லை. 1958இல் ஸ்பானர், தட்டின் இருபுறமும் பொட்டாசியம் சுழன்று மின்விசையால் நீரை இழுக்கிறது என்றார். அறிவார்ந்த யோசனை, ஆனால் அது வேலை செய்யத் துளைகள் புரதத்தால் நிறைந்திருக்க வேண்டும். அடைப்பு பொய்யானதும் அதன் அடித்தளமும் போயிற்று. குழாய்க்குள் குழாய் ஓடுகிறது என்று தெய்ன் சொன்ன இழைகள் உயிருள்ள குழாயில் உறுதிப்படவில்லை. ஒரு காலத்தில் இவற்றை முட்டாள்தனம் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. கண்ணெதிரே அடைப்பு இருக்கும்போது அடைப்போடு ஒத்துப்போகும் விளக்கம் தேடுவதே அறிவு.

மூன்றாவது கூற்றுக்கு, அதாவது குழாய் வேலை செய்வதில்லை என்பதற்கு, நல்ல சாட்சி குளிர். சர்க்கரை பீட் இலைக்காம்பில் 2 செ.மீ. அளவை உறைநிலைக்கு அருகே குளிர்வித்தார்கள் ஸ்வான்சனும் கைகரும். குழாயே உழைத்துச் சர்க்கரையைக் கடத்துகிறது என்றால், குளிரில் உழைப்பு நின்றதும் ஓட்டமும் நின்றாக வேண்டும், நின்றபடியே இருக்க வேண்டும். ஓட்டம் விழுந்தது, ஆனால் குளிர் நீங்காமலே சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு மீண்டது. அவரை போன்ற குளிர் தாங்காத செடிகளில் இப்படி மீளவில்லை. அங்கே குழாயின் கட்டமைப்பே கெடுகிறது என்று கொள்ளலாம். முன்ஷுக்கு இது சாதகம்தான், முழுச் சாதகம் அல்ல. சல்லடைக் குழாய்க்கு உட்கரு இல்லை. பக்கத்தில் ஒட்டியிருக்கும் துணைசெல் அதை உயிரோடு வைத்திருக்கிறது. ஒழுகாமல் இருக்கவே அதற்குச் செலவு உண்டு. கண்ணாடிக் குழாய் என்ற உவமை இந்த இடத்தில் பிசகுகிறது.

இனி உண்மையான கடினம்: மரம். முன்ஷ் மரக்காரர். அவருடைய கோட்பாடு மரத்தில்தான் அதிகம் திணறியது. கணக்கைப் பாருங்கள். 10 மைக்ரான் ஆரமுள்ள குழாய், நீரைப்போல் இரு மடங்கு பிசுபிசுப்புள்ள சாறு, மணிக்கு அரை மீட்டர் வேகம். குழாயின் தடைக்கு மட்டும் மீட்டருக்குச் சுமார் 0.22 வளிமண்டல அழுத்தம் வேண்டும். சல்லடைத் தட்டுகளின் தடையும் அதே அளவு என்று வைத்தால் 0.44. ஒரு மீட்டர்ச் செடிக்கு இது தூசு. 30 மீட்டர் மரத்துக்கு 13. மரங்களில் அழுத்தம் செடிகளைவிட அதிகமாக இருந்தாக வேண்டும் என்பது கோட்பாட்டின் கட்டாயம். இருப்பதோ நேர்மாறு: பொதுவாக மரங்களின் ஃபுளோயச் சாறுதான் நீர்த்தது, அழுத்தமும் குறைவு. 2010இல் டர்ஜன் இந்தப் புதிரை ஒரு கட்டுரையாகவே எழுதினார். எதிர்த்தரப்பின் ஆகப் பலமான வாதம் இது.

பதில் சொல்ல நோப்லாக் குழு 2016இல் ஒரு கொடியைத் தேர்ந்தெடுத்தது. மார்னிங் குளோரி என்று தோட்டத்தில் வளர்க்கிறோமே, அந்த ஐப்போமியா இனம். கீழ் இலைகளை நீக்கி, மேலே உள்ள இலைகளுக்கும் வேருக்கும் இடையே உள்ள தூரத்தைப் பல மீட்டருக்கு நீட்டினார்கள். சிலிக்கோன் எண்ணெய் நிரப்பிய மிக நுண்ணிய கண்ணாடி அளவியைச் சல்லடைக் குழாய்க்குள்ளேயே செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். தூரம் கூடக்கூட இலைப்பக்க அழுத்தமும் கூடியது, குழாயின் கடத்துதிறனும் கணிசமாகக் கூடியது. செடி இரண்டையும் சேர்த்தே சரிசெய்துகொள்கிறது. இரண்டாவது கூற்றைத் தனியாகக் கூண்டில் ஏற்றி விசாரித்த முதல் தரமான சோதனை என்று இதைச் சொல்வேன். மறு ஆண்டு சாவேஜும் உடனிருந்தோரும் சிவப்பு ஓக் மரத்தில் அடிப்பகுதி நோக்கிப் போகப்போகச் சல்லடைக் குழாய்கள் அகன்றும் நீண்டும், துளைகள் பெரிதாகியும் வருவதைக் காட்டினார்கள். ஆரம் இரட்டித்தால் அதே வேகத்துக்கு வேண்டிய அழுத்தம் கால்பங்காகும். என் கணக்கின் 13, சுமார் 3 ஆகிவிடுகிறது. குறைந்த அழுத்தத்தில் மரம் சமாளிப்பது அப்படித்தான்.

குழாயில் முன்ஷ் வென்றார். முனைகளில் என்ன நடக்கிறது என்பதில்தான் பாடநூல் படம் இன்னும் கடனாளி.

இலை முனையை எடுப்போம். படத்தின் குடுவையில் சர்க்கரை தானாக இருக்கிறது. செடியில் யாரோ ஏற்ற வேண்டும். கீரை வகையான ஸ்பினாச்சிலிருந்து சுக்ரோஸை ஏற்றும் புரதத்தின் மரபணுவை 1992இல் பிரித்தெடுத்தார்கள். சுக்ரோஸை உட்கொள்ள வழியற்ற ஈஸ்ட்டுக்குள் அந்த மரபணுவைப் புகுத்தி, அது பிழைக்கிறதா என்று பார்த்துப் பிடித்த அழகான வேலை. 2012இல் ‘ஸ்வீட்’ என்ற புரதங்கள் சுக்ரோஸைச் செல்லுக்கு வெளியே விடுகின்றன என்றும், பிறகு முன்சொன்ன ஏற்றி ஆற்றலைச் செலவழித்து அதைக் குழாய்க்குள் தள்ளுகிறது என்றும் தெரிந்தது. பூசணி, பரங்கி இனங்களில் வேறு உபாயம்: சுக்ரோஸை உள்ளே விட்டு, அதைப் பெரிய சர்க்கரையாக மாற்றிவிடும், வந்த வழியே திரும்ப முடியாது. பாடநூல்கள் இந்தச் செலவழிக்கும் ஏற்றத்தை முன்ஷின் படத்தில் சேர்த்து ஒட்டி, அதையும் அவர் சொன்னதுபோல் ஆக்கிவிட்டன.

அவர் சொன்னது வேறு. இலைச் செல்களிலேயே சர்க்கரை மிகுந்து, செல்லுக்குச் செல் உள்ள நுண்வாசல்கள் வழியாகத் தானே குழாய்க்கு வழிகிறது என்பதுதான் அவருடைய சித்திரம். வாசல்களால் இணைந்த உயிர்ப்பகுதிக்குச் ‘சிம்பிளாஸ்ட்’ என்ற சொல்லைத் தந்தவரும் அவரே. அறிஞர்கள் பல பதிற்றாண்டுகள் செடிகளில் ஏற்றும் புரதங்களைக் கண்டு, முன்ஷ் இந்த முனையில் தவறிவிட்டார் என்று நினைத்தார்கள். பிறகு டர்ஜன் வில்லோவின் இலையைப் பார்த்தார். குழாய்க்கு வெளியே இருந்ததைவிட உள்ளே செறிவு ஏறவே இல்லை. 2009இல் ரென்னியும் அவரும் 45 இனங்களை ஒப்பிட்டபோது, மரங்கள் பெரும்பாலும் செலவில்லாத வழியையே கையாள்வது தெரிந்தது. வனவியலாளர் மரத்தைப் பார்த்துச் சொன்னார், மரத்துக்குச் சரியாகவே சொன்னார். சிறு செடிகளைப் பார்த்தவர்கள் அவரைத் திருத்தியது செடிகளுக்குச் சரி. இரு தரப்பையும் ஒரே அம்புக்குறியில் அடைத்தது பாடநூலின் அவசரம்.

அடுத்த முனை இன்னும் மோசம். படத்தில் இலையிலிருந்து வேர் வரை அழுத்தம் சீராகச் சரிகிறது. கோதுமை மணிகளை ஆராய்ந்த ஃபிஷர் வேறொன்றைக் கண்டார்: குழாய் நெடுக அழுத்தம் உயர்ந்தே இருக்கிறது, பெரிய வீழ்ச்சி கடைசியில், குழாயிலிருந்து மணிக்குள் இறங்கும் நுண்வாசல்களில் நடக்கிறது. ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெருங்குழாயில் எங்கும் ஏறக்குறைய ஒரே அழுத்தம். எந்த வீட்டுக்கு எவ்வளவு என்பதை அந்தந்த வீட்டுக் குழாய்த் திருகுதான் தீர்மானிக்கிறது. அப்படியானால் ‘இலை தள்ளுகிறது, வேர் வாங்கிக்கொள்கிறது’ என்ற பாடம் அரைகுறை. எந்தக் காய்க்கு எவ்வளவு சர்க்கரை என்று முடிவுசெய்வது வாங்கும் பக்கம். பயிரின் விளைச்சலைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு இது சின்ன விஷயம் இல்லை. இலையை மட்டும் பெருக்கினால் மணி பெருகாது.

என் தீர்ப்பு இது. முதல் கூற்று, நீரும் சர்க்கரையும் ஒரே ஓட்டம் என்பது, நிரூபணம், மேல்முறையீட்டுக்கு இடமில்லை. இரண்டாவது, சவ்வூடுபரவலால் எழும் அழுத்த வேறுபாடுதான் தள்ளுகிறது என்பது, பூக்கும் செடிகளில் 2016க்குப் பிறகு நியாயமான சந்தேகத்தைத் தாண்டிவிட்டது. அதற்கு முன் பாடநூல்கள் காட்டிய உறுதி கடன் வாங்கிய உறுதி. மூன்றாவது, குழாய் வெறும் குழாய் என்பது, ஓட்டத்தைத் தள்ளும் விசையைப் பொறுத்தவரை சரி, மற்றபடி தவறு. தன்னை அகலமாக்கிக்கொள்ளும், காயம் பட்டால் கதவடைக்கும், துணைசெல்லின் தயவில் உயிர்வாழும் ஒன்றைக் கண்ணாடி என்று வரைவது மாணவனை ஏமாற்றுவது. படத்தை நீக்கச் சொல்லவில்லை. அதன் கீழே ‘தண்டுக்கு மட்டும்’ என்று எழுதி, வளையச் சோதனையை வேறு பக்கத்துக்கு மாற்றுங்கள் என்கிறேன்.

கட்டாயமாக விசாரிக்க வேண்டிய ஒரு சாட்சி பாக்கி. ஓக் மரம் ஆண்டுதோறும் புதுப் பட்டைத் திசுவை உண்டாக்கும்; உயர உயர அகன்ற குழாய்களைப் போட்டுக்கொள்ள அதற்கு வழி இருக்கிறது. பனைக்கு அந்த வழி இல்லை. ஒருவித்திலைத் தாவரம், தண்டைப் பருக்கவைக்கும் காம்பியம் கிடையாது. மண்ணோடு ஒட்டி நிற்கும்போதே அடித்தண்டின் பருமனை முடித்துவிட்டு, பிறகுதான் உயரத் தொடங்கும். அன்று போட்ட சல்லடைக் குழாய்கள்தான் பல பதிற்றாண்டுகள் கழித்து 30 மீட்டர் உயரத்தில் விரியும் ஓலைகளிலிருந்தும் வேருக்குச் சர்க்கரை கொண்டுவர வேண்டும். முன்ஷ் சரியென்றால், பனை தன் வருங்கால உயரத்தைக் கணக்கிட்டு இளமையிலேயே தேவைக்கு மிஞ்சிய கடத்துதிறனை அடியில் போட்டுவைத்திருக்க வேண்டும். அல்லது உயர உயர ஓலையில் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இரண்டும் அளக்கக்கூடியவை. ஓர் ஆள் உயரப் பனை, நடுத்தரப் பனை, முதிர்ந்த பனை மூன்றிலும் அடித்தண்டுக் குழாயின் ஆரத்தையும் ஓலைக்காம்பில் இருக்கும் அழுத்தத்தையும் அளந்தால் போதும். ஆய்வாளருக்கு நுண்ணோக்கியும் நோப்லாக்கின் கண்ணாடி அளவியும் வேண்டும். கூடவே, அந்த உயரத்துக்கு ஏறத் தெரிந்த ஒரு பனையேறியும்.